வீட்டுப் பட்டறையிலே கடைசல் இயந்திரம்: பழுது காணலும் பேணலும்

மத்தினால் தயிர் கடைவதையும் உளியினால் மரங் கடைவதையும் நம் மொழி ஒரே சொல்லாற் குறிக்கின்றது. ஈரிடத்தும் ஒரு தண்டு சுழல்கின்றது. அச்சுழற்சியிலிருந்து வேண்டிய பயன் பிறக்கின்றது. ஆயினும், மத்துச் சிறிது ஆடினாலும் வெண்ணெய் திரளும். இரும்பு கடையும் இயந்திரத்திலோ, தலைமயிர் ஒன்றின் பருமனளவு ஆட்டம் ஏற்பட்டாலும் செய்த வேலை வீணாகும். அவ்வாட்டம் எங்கிருந்து வருகின்றது என்று கண்டறியும் வழியையும், அது வராமற் பேணும் முறையையும், வீட்டிலே சிறு பட்டறை வைத்திருப்போருக்கும் வைக்க விரும்பும் மாணவருக்கும் பயன்படுமாறு இங்கு எழுத முற்படுகின்றோம்.

இதனை எழுதுதற்கு ஒரு காரணமும் உண்டு. நீரிறைக்கும் பம்பியின் தண்டு, துவிச்சக்கர வண்டியின் அச்சு, வண்டிற் குடத்தின் உட்குழல் என்றிவ்வாறு ஊருக்கு உதவி வந்த சிறு இயந்திரங்கள் சில, வாங்கியவர் காலமானபின் வீட்டாராற் பழைய இரும்பு விலைக்கு விற்கப்படுதலைக் கண்டிருக்கின்றோம். ஏன் என்று வினாவினால், "அது நேராகக் கடையாது, தேய்ந்துபோயிற்று" என்பர். நாம் கிட்டச் சென்று பார்த்தவற்றுட் பெரும்பாலானவை தேய்ந்தவையல்ல. அவை நின்ற மேசை நேராக இல்லை, அல்லது அவற்றிற் பூட்டிய உளி மழுங்கியிருந்தது. குற்றம் வேறிடத்திருக்க, தண்டனை இயந்திரத்துக்குக் கிடைத்தது. எமது கையாலும் அத்தகைய தண்டனை ஒன்று நிகழ்ந்தது. அதனை மறையாது கூறுவோம்.

இயந்திரத்தின் உறுப்புகளை அறியாதவர் பொருட்டு முதலிற் சில சொற்கள். அடியில் நீண்டு கிடக்கும் வார்ப்பிரும்புத் தளத்தைப் 'பெட்' என்பர். அதன் இடப்பக்க நுனியில் இருப்பது ஹெட்ஸ்ரொக். அதனுள்ளே இரு பேரிங்குகள் தாங்கச் சுழல்தண்டு ஓடும். தண்டின் மூக்கிலே, வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' பூட்டப்படும். வலப்பக்கத்திலே, நீண்ட பொருளின் மறுமுனையைத் தாங்குவது ரெயில்ஸ்ரொக். இரண்டுக்கும் இடையே உளியைச் சுமந்து நெடுக்காக ஓடுவது சடில். அதன்மேற் குறுக்காக ஓடுவது குறுக்குச் சிலைட். உளியைக் கையிற் பிடியாது, சிலைட்டிலே பூட்டித் திருகாணியால் நகர்த்தும் முறையைச் செவ்வைப்படுத்தியவருள் முதன்மையானவர் இலண்டனில் வாழ்ந்த ஹென்றி மோட்ஸ்லி என்னும் பொறியியலாளர். 1800ஆம் ஆண்டளவில் அவர் செய்த புரிவெட்டும் இயந்திரம் இன்றும் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் உள்ளது. அன்று அவர் வகுத்த அமைப்பே, அளவிற் குறுகி, எமது மேசையிலும் நிற்கின்றது என்று எண்ணும்போது ஒரு மகிழ்ச்சி உண்டாகத்தான் செய்கின்றது.

எம்மிடம் உள்ளது மைபோட் எம்.எல்.7 என்னும் சிறு இயந்திரம். 1946இல் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வகை, வீட்டுப் பட்டறைகளிலே நெடுங்காலம் பெயர் பெற்று விளங்கியது. தளத்திலிருந்து சுழல்மையம் மூன்றரை அங்குல உயரம். இரு மையங்களுக்கும் இடையே இருபது அங்குலம். நொட்டிங்காம் நகரையடுத்த பீஸ்டனில் இருந்த அதன் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டது. இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளினும், நாம் கூறுவன பிற சிறு இயந்திரங்களுக்கும் பொருந்தும். அளவையைப் பற்றியும் ஒரு சொல்: அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கைப் பட்டறையிலே 'தௌ' என்பர். அது 0.0254 மில்லிமீற்றர். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு தௌ.

இனி எமது கதை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. இயந்திரத்துக்கு வேலையும் இல்லை. கிறீஸைத் தடிப்பாகப் பூசி, சாக்கினாற் சுற்றி, சாய்ப்பின் மூலையில் விட்டுவைத்தோம். மின்சாரம் மீண்டபின் அதனைத் துடைத்தெடுத்து, பழைய மரமேசையிலே மீண்டும் பூட்டி ஓட்டிப் பார்த்தபோது இரண்டு குறைகள் தோன்றின. ஒன்று, கடைந்த தண்டு ஒரு முனையிற் பருத்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தது. மற்றது, உளி பட்டவுடன் இயந்திரம் முழுவதும் அதிர்ந்து, உருக்கின் மேனியிலே மீன்செதில் போன்ற அலைகள் விழுந்தன. இரண்டையும் சேர்த்து நோக்கிய நாம், இத்தனை ஆண்டு கிடந்ததனாற் பேரிங் கெட்டுவிட்டது என்று ஒரு கணத்திலே தீர்ப்புக் கூறிவிட்டோம்.

அவ்வியந்திரத்தின் பேரிங்குகள் வெள்ளை உலோகத்தால் ஆனவை. வெள்ளீயம் முதலியவற்றைக் கலந்து ஆக்கிய மென்மையான உலோகம் அது. பேரிங்கின் மேல்மூடிக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையில், மிக மெல்லிய பித்தளைத் தகடுகளைப் படைபடையாக ஒட்டிய பாளம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். தேய்வு காணுமிடத்து ஒரு படையை உரித்தெடுத்தால் மூடி அவ்வளவு கீழிறங்கும். நாம் அளந்து பாராமலே இரண்டு படைகளை உரித்தோம். இயந்திரத்தை உச்ச வேகத்தில் ஓடவிட்டு, தேநீர் அருந்த வீட்டினுட் சென்றோம். கால் மணித்தியாலத்தின்பின் கருகிய எண்ணெயின் மணம் அழைத்தது. தண்டு இறுகி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தபோது, அரை நூற்றாண்டு குறையின்றி உழைத்த வெள்ளை உலோகம் வெண்ணெய் போல் வழித்து ஒதுக்கப்பட்டிருந்தது.

அயலூரிலே நாற்பது ஆண்டு லேத் வேலை செய்து ஓய்ந்திருந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பேரிங்கைப் பார்க்கவில்லை. குனிந்து மேசையின் கால்களைப் பார்த்தார். "தம்பி, மிசினைக் கழட்டமுன்னம் மேசையைப் பாத்தனீரோ?" என்றார். வலப்பக்க முன்காலின் கீழே சீமெந்துத் தரை வெடித்து இறங்கியிருந்தது. உளியையும் தொட்டுப் பார்த்தார். தாங்கியிலிருந்து ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றும் கூறவில்லை, கூறவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பேரிங்கைப் புதிதாக வார்த்துக் குடைந்து பூட்ட ஓராண்டு சென்றது.

மேசையின் கால் இறங்கினால் தண்டு ஏன் சாய்வாகக் கடைகின்றது? வார்ப்பிரும்பு வளையாது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அது தவறு. போல்ற்றை இறுக்கும் ஒரு சாவியின் வலிமையே, சிறு இயந்திரத்தின் தளத்தை முறுக்கப் போதுமானது. ஈரத்துணியின் ஒரு நுனியைப் பிடித்து மறுநுனியைத் திருகுவது போல, மேசை கோணினால் அதன்மேற் பூட்டிய தளமும் கோணும். வலப்பக்க முன்காலடி தாழ்ந்தால் தளத்தின் அப்பகுதி நம் பக்கமாகச் சாயும். உளி தளத்துக்கு மேலே உயர்ந்து நிற்பதால், அதுவும் சாய்ந்து தண்டின் மையத்தை விட்டு விலகும். விலகிய இடத்தில் வெட்டுக் குறையும், தண்டு பருமனாகும். ஹெட்ஸ்ரொக்கின் அருகே இவ்விலகல் இல்லை. ஆகவே தண்டு வலப்பக்கமாகப் பருத்துச் செல்லும்.

இதனைச் சோதிக்கும் முறை எளியது. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஓரங்குலத் தடிப்புள்ள உருக்குத் தண்டொன்றைச் சக்கிலே பிடித்து, ஐந்து அல்லது ஆறு அங்குலம் வெளியே நிற்க விடுக. ரெயில்ஸ்ரொக்கினால் தாங்கலாகாது, தாங்கினால் அதன் பிழையும் கலந்துவிடும். தண்டின் இரு நுனிகளிலும் அரையங்குல அகலமான இரண்டு வளையங்கள் நிற்க, நடுப்பகுதியைச் சற்று மெலிதாகக் கடைக. பின்பு நன்கு தீட்டிய உளியால், குறுக்குச் சிலைட்டைத் தொடாமல், ஒரே ஓட்டத்தில் இரண்டு வளையங்களிலிருந்தும் ஓரிரு தௌ மட்டும் சீவி எடுக்க. இரண்டையும் மைக்கிறோமீற்றரால் அளக்க. வெளி வளையம் பெரிதாயின், ரெயில்ஸ்ரொக் பக்கத்து முன்காலடியை உயர்த்த வேண்டும், அல்லது பின்காலடியைத் தாழ்த்த வேண்டும். வெளி வளையம் சிறிதாயின் இதன் மறுதலை. மெல்லிய தகட்டை வைத்து, போல்ற்றை இறுக்கி, மறுபடி கடைந்து அளக்க வேண்டும். எமது இயந்திரத்தில் முதலளவு நான்கு தௌ வித்தியாசம் காட்டியது. ஒரு மாலைப்பொழுதின் உழைப்பில் அது அரைத் தௌவுக்கு வந்தது.

இங்கு ஒரு தடைவிடை வேண்டும். மட்டக்கோலை வைத்து இயந்திரத்தை மட்டப்படுத்தினாற் போதாதா என்று கேட்பர். தச்சர் வைத்திருக்கும் மட்டக்கோல் இவ்வேலைக்குப் போதாது; ஒரு மீற்றர் நீளத்துக்கு 0.02 மில்லிமீற்றர் சரிவையும் காட்டும் பொறிமட்டம் வேண்டும். அன்றியும், மட்டமாயிருத்தல் முக்கியமன்று. முறுக்கின்றி இருத்தலே முக்கியம். நடுக்கடலில் உருளும் கப்பலின் இயந்திர அறையிலும் லேத் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. அங்கே மட்டம் ஏது?

ரெயில்ஸ்ரொக்கின் தாங்கலுடன் கடையும்போது மட்டும் சாய்வு தோன்றினால், குற்றம் அதன் மையம் விலகியமையே. அடியிலுள்ள பக்கத் திருகாணிகளால் அதனை நேராக்கலாம். இரு முனையும் சரியாயிருந்து நடுவிலே பருத்தால், தண்டு மெலிதாகையால் உளிக்கு விலகி வளைகின்றது என்பது பொருள். அதற்கு இயந்திரம் என் செய்யும்?

அடுத்தது அதிர்வு. வீட்டுப் பட்டறையில் மிகுந்த மனச்சோர்வைத் தருவது இதுவே என்று கருதுகின்றோம். இதற்குக் காரணம் பலவாகையால் ஒவ்வொன்றாகவே சோதிக்க வேண்டும். இரண்டு காரியங்களை ஒருங்கே மாற்றுபவன், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று அறியான். அடுத்த முறை மீண்டும் இருளிலே தடவுவான். முதலில் உளி. அது தாங்கியிலிருந்து வேண்டிய அளவு மட்டுமே நீள வேண்டும். ஒரு உளியின் நீட்டம் இரட்டித்தால் அதன் வளைவு எட்டு மடங்காகும் என்பது, கல்லூரியிலே பௌதிகமும் பிரயோக கணிதமும் படித்தோர் அறிந்ததே. பின்பு அதன் கூர். எண்ணெய்க்கல்லில் நாலைந்து முறை இழுத்தெடுத்தால் நீங்கும் குறைக்காக ஹெட்ஸ்ரொக்கைத் திறந்தவர் நாம் மட்டுமல்லர்.

பின்பு உளியின் உயரம். அதன் முனை சுழல்மையத்தின் நேரே நிற்க வேண்டும். ஒரு மெல்லிய உருக்கு அடிமட்டத்தை, உருண்டையான தண்டுக்கும் உளிமுனைக்கும் இடையே நிறுத்தி, அது விழாதிருக்கும் அளவுக்கு மெதுவாக நெருக்குக. அடிமட்டம் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் தலை நம் பக்கம் சாய்ந்தால் உளி தாழ்ந்துள்ளது. அப்பால் சாய்ந்தால் உயர்ந்துள்ளது. தாழ்ந்த உளி தண்டினடியிற் புகுந்து அதனை ஏறச் செய்யும். உயர்ந்த உளி வெட்டாமல் உரசும். சாதாரண பிஸ்கற் பெட்டித் தகட்டைத் துண்டுகளாக வெட்டி உளியின்கீழ் வைத்தே இதனைச் சரிசெய்யலாம்.

வேகமும் நோக்கற்பாலது. அதிவேக உருக்கு உளியால் மென்னுருக்கைக் கடைய, நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி என்னும் வெட்டுவேகம் ஏற்றது. அதனை நான்கால் பெருக்கி, தண்டின் விட்டத்தை அங்குலத்திற் கொண்டு வகுத்தால் நிமிடச் சுற்றுத்தொகை கிடைக்கும். ஓரங்குலத் தண்டுக்கு 360, இரண்டங்குலத்துக்கு 180. வார்ப்பிரும்புக்கு இதனிற் குறைவு. பித்தளைக்கு இருமடங்குக்கு மேலும் போகலாம். அதிர்வு கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் உளியின் நகர்ச்சியைக் குறைக்கலாகாது. பயிலுவோர் அஞ்சி, உளியை மேலும் மேலும் மெதுவாகத் தள்ளுவர். அப்போது அது வெட்டாமல் உரச, அதிர்வு மிகும். சற்றுத் துணிந்து தள்ளினால் உளி உலோகத்தினுள்ளே அமர்ந்து, சுருள்சுருளாகச் சீவல் வரும்; ஓசையும் அடங்கும். சீவலின் உருவத்தையும் ஓசையையும் கவனிக்கப் பழகியவனுக்கு வேறு ஆசிரியர் மிகத் தேவையில்லை.

உளி சரி, வேகம் சரி, அதிர்வு மட்டும் நீங்கவில்லையாயின் சிலைட்டுகளைப் பார்க்க. அவற்றின் பக்கத்தே, 'ஜிப்' எனப்படும் ஒரு நீண்ட பட்டையைச் சிறு திருகாணிகள் நெருக்கிக்கொண்டிருக்கும். அத்திருகாணிகளைச் சிலைட் அசையாதவரை ஒவ்வொன்றாக இறுக்கி, பின்பு இழையளவு தளர்த்தி, பூட்டுச் சுரைகளை முடுக்க வேண்டும். சுரையை முடுக்கும்போது திருகாணியும் உடன் திரும்பும். அதனாற் செய்த வேலை கெடும். இரண்டு மூன்று தடவை செய்தே கைவரும். கைபிடியைத் திருப்பும்போது தொடக்கத்திலே வெறுமனே சுற்றும் தளர்வைக் கண்டு சிலர் கலங்குவர். திருகாணிக்கும் சுரைக்கும் இடையே அத்தகைய தளர்வு எந்த இயந்திரத்திலும் சிறிது உண்டு. எப்போதும் ஒரே திசையிலே திருப்பி அளவுக்கு வந்தால் அதனால் ஒரு தீங்கும் இல்லை. அளவைத் தாண்டிவிட்டால், அரைச் சுற்றுப் பின்சென்று மறுபடி முன்வருக.

பேரிங் கடைசியாகவே ஐயத்துக்கு உரியது. அதனைச் சோதிக்க, டயல் மானியின் முனையைச் சுழல்தண்டின் மூக்கிலே பொருத்தி, சக்கிற் பிடித்த நீண்ட தண்டை மிதமான வலிமையோடு மேலே தூக்கி, முள்ளின் அசைவைக் காண்க. வெள்ளை உலோகப் பேரிங்கிலே ஒரு தௌவுக்கு மேற்படாத அசைவு குற்றமன்று. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் எண்ணெய் நிற்க இடம் வேண்டும் அல்லவா? நாம் இரு படைகளை உரித்தபோது அவ்விடத்தையே இல்லாமற் செய்தோம். அசைவு மிகுதியாயின் ஒரு படையை மட்டும் உரித்து, மெதுவான வேகத்திலே அரை மணித்தியாலம் ஓடவிட்டு, பேரிங்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க. கையை வைத்திருக்க இயலாத சூடு ஏறினால் உடனே நிறுத்துக. தேநீரைப் பட்டறைக்கே கொண்டுவரச் சொல்லலாம்.

மூன்று தாடைச் சக்கிலே பிடித்த தண்டு ஆடுகின்றது என்று பேரிங்கைப் பழிப்பதும் உண்டு. பழைய சக்கு மூன்று நான்கு தௌ விலகிப் பிடித்தல் இயல்பே. ஒரு பொருளைச் சக்கிலிருந்து கழற்றாமலே கடைந்து முடித்தால், சக்கு எவ்வளவு விலகியிருப்பினும் கடைந்த மேனிகள் யாவும் ஒரே மையத்தனவாக இருக்கும். கழற்றி மறுபடி பூட்டவேண்டிய வேலைக்கு நான்கு தாடைச் சக்கும் டயல் மானியும் வேண்டும். கடைந்த மேனியே வட்டமாக இல்லாமற்போனால் அப்போது பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

மேனியில் விழும் கோடுகளும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். எமது இயந்திரத்தின் நெடுந்திருகாணிக்கு அங்குலத்துக்கு எட்டுப் புரி. தானோட்டத்தில் கடைந்த தண்டிலே அரைக்கால் அங்குலத்துக்கு ஒரு முறை ஒரே நிழல் மீண்டும் மீண்டும் விழுமாயின், அத்திருகாணி வளைந்தோ, ஓரிடத்தில் உராய்ந்தோ இருக்கின்றது என்று அறியலாம். நெடுநாள் ஓடாது நின்ற இயந்திரத்தின் பெல்ற், கப்பியைச் சுற்றிய வடிவிலேயே இறுகி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டுத் தட்டும். அதுவும் மேனியிற் பதியும். அதற்குப் புதுப் பெல்ற்றே மருந்து.

தண்டைக் குறுக்கே வெட்டிப் பிரிக்கும் வேலைக்கு அஞ்சாதவர் எம்மைச் சேர்ந்தோருள் இல்லை. ஒடுங்கிய உளி ஆழமாகச் செல்லச் செல்ல, சீவல் வெளியேற வழியின்றிச் சிக்கி, உளி ஒடியும். சிலவேளை வேலைப்பொருளே சக்கிலிருந்து எழுந்து பறக்கும். சக்கின் அருகிலேயே வெட்டுதல், சடிலைத் தளத்தோடு இறுகப் பூட்டுதல், உளியைத் தண்டுக்குச் செங்குத்தாக வைத்தல், உருக்காயின் எண்ணெயை விடாது சொட்டவிடுதல் ஆகியவற்றாற் பாதி அச்சம் தீரும். மறுபாதியை, குறுக்குச் சிலைட்டின் பின்பக்கத்தில் உளியைத் தலைகீழாகப் பூட்டி வெட்டும் முறை தீர்க்கும். அங்கே சீவல் தானே கீழே விழும்; உளி சிக்கினாலும் தண்டினுட் புகாது, விலகிக்கொள்ளும்.

மோட்டரைப் பற்றி மிகக் கூறோம். ஆளியைப் போட்டதும் முழங்கிக்கொண்டு நகராது நின்றால், பெரும்பாலும் கொள்ளளவி பழுது, அல்லது மின்னழுத்தம் தாழ்ந்துள்ளது. உடனே நிறுத்தாவிடிற் சுற்று எரியும். கொள்ளளவி மின் நிறுத்தியபின்பும் மின்னேற்றம் வைத்திருக்கும், அறியாதார் தொடலாகாது.

எம் நாட்டிலே, சிறப்பாகக் கடலோரத்திலே, இயந்திரத்துக்குப் பெரும்பகை தேய்வன்று, துருவே. கடற்காற்றில் உப்பு உண்டு. மாரி தொடங்கியதும் ஈரமும் சேரும். ஐப்பசியில் ஒரு வாரம் துடையாது விட்ட தளத்திலே, விரல் பட்ட இடமெல்லாம் விரலின் வடிவாகவே துரு எழுந்ததைப் பார்த்திருக்கின்றோம். வியர்வையின் வேலை அது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவும், காவாது. அது காய்ந்தபின் இரும்பு முன்னிலும் வெறுமையாக நிற்கும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வீட்டிலே எளிதிற் கிடைப்பன வாயினும் இதற்கு ஆகா. நாட்படச் சிக்குப் பிடித்து, புளித்து, இரும்பையே தின்னும். பேரிங்குகளுக்கு ஐ.எஸ்.ஓ. 32 என்று குறித்த மெல்லிய கனிம எண்ணெயும், சிலைட்டுகளுக்கும் தளத்துக்கும் 68 என்று குறித்த சற்றுத் தடித்த எண்ணெயும் போதும். வேலை தொடங்குமுன் எண்ணெய் விடுதல் நன்று. வேலை முடிந்தபின் துடைத்து மறுபடி எண்ணெய் பூசுதல் அதனினும் நன்று. ஓடும் இயந்திரத்தின் தளத்திற் கிறீஸ் பூசலாகாது. அது சீவல் துகளைப் பிடித்து வைத்து, சாணைக்கல்லைப் போல் தளத்தை அராவும். நெடுநாள் மூடி வைக்கும்போது மட்டுமே அதற்கு இடமுண்டு. எமது இயந்திரம் அத்தனை ஆண்டு துருவின்றி மீண்டது அக்கிறீஸினாலேயே.

எமரிச் சீலையால் தண்டை மெருகிடுவோர், கீழேயுள்ள தளத்தைக் கடதாசியால் மூடிக்கொள்ள வேண்டும். அமுக்கக் காற்றை ஊதிச் சீவலைப் போக்குவதும் கூடாது. வெளியே போகும் துகளிலும் உள்ளே புகும் துகள் அதிகம். பழைய வண்ணத் தூரிகை ஒன்று போதும். கனத்த சக்கைக் கழற்றும்போது தளத்தின்மேல் ஒரு பலகையை இடுக. கை வழுவினால் நசுங்குவது பலகையாக இருக்கட்டும்.

மாணவர்க்கு ஒன்றை வற்புறுத்துவோம். சக்கின் சாவியைச் சக்கிலே விட்டு ஆளியைப் போட்டால், அது துப்பாக்கிக் குண்டு போற் பாயும். சாவியைக் கையிலிருந்து விடுவதாயின் அது மேசைக்கே செல்ல வேண்டும். சால்வை, தொங்கும் சங்கிலி, மோதிரம், நீண்ட சட்டைக் கை, கையுறை இவற்றோடு சுழலும் தண்டை நெருங்கலாகாது. நீண்ட சீவலைக் கையாலன்றிக் கொளுக்கியாலே இழுக்க வேண்டும். கண்ணாடி அணியாது கடைதல் கூடவே கூடாது.

எமது மேசை இன்னும் மரமேசைதான். தரையைக் கொத்திக் கொங்கிறீற் இட்டு, காலடிகளின்கீழ் உயர்த்தும் திருகாணிகளைப் பொருத்தியிருக்கின்றோம். ஆயினும் மரம் மாரியில் ஊதிக் கோடையிற் சுருங்குகின்றது. அதனோடு தளமும் சற்றே அசைகின்றது. ஆகவே அந்த இரண்டு வளையத் தண்டை எறியாமல், எண்ணெய் பூசிச் சுவரிலே தொங்கவிட்டுள்ளோம். மாரி ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு முறையும், சோளகக் காற்று வீசும் ஆடியில் ஒரு முறையும் அதனை எடுத்துப் பூட்டி, ஒரு தௌ சீவி அளந்து, அளவைச் சாய்ப்பின் கதவிலே வெண்கட்டியால் எழுதுகின்றோம். கதவின் மேற்பாதி நிறைந்துவிட்டது. கடந்த தையில் எழுதியது முக்கால் தௌ. ஆடியில் எழுதியது அரைக்கால் தௌ.